விதி எழுதியவர்

பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவரை நள்ளிரவில் தட்டி எழுப்பி, மார்க்கோவ்னிகாஃப் விதி யாது என்று கேளுங்கள். கண்ணைத் திறவாமலே ஒப்பித்து விடுவார். சமச்சீரற்ற ஆல்கீன் ஒன்றுடன் ஹைட்ரஜன் ஹாலைடு சேரும்போது, எந்தக் கார்பனில் ஹைட்ரஜன் முன்பே மிகுதியாக உள்ளதோ அந்தக் கார்பனையே புதிய ஹைட்ரஜனும் நாடும். ஹாலஜன் மற்றக் கார்பனுக்குப் போகும். பணம் பணத்தோடு சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொள், போதும் என்று மேல் வகுப்பு மாணவர்கள் கீழ் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் எந்த நாட்டினர், எந்தக் காலத்தவர், எதற்காக இந்த விதியைத் தேடிப் போனார் என்று கேட்டால், விதியை ஒப்பித்தவரே விழிப்பார். நானும் அப்படி விழித்தவன்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹைட்ரஜன் எங்கே போகிறது என்பது அந்த மனிதருக்குப் பெரிய கவலையாகவே இருந்ததில்லை. ஏன் அங்கே போகிறது என்பதுதான் அவரை வாட்டிய கேள்வி. அவர் எழுதிய முனைவர் ஆய்வேட்டின் பொருளே, வேதிச் சேர்மங்களில் அணுக்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் செல்வாக்கு என்பதாகும். நாம் மனப்பாடம் செய்யும் விதி, அந்தப் பெரிய கேள்வியின் ஓரத்தில் கிடைத்த ஒரு சிறு விடை. முழு விடை, அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில்தான் கிடைக்கத் தொடங்கியது. கரிம அயனிகளின் நிலைப்புத் தன்மையைப் பதிலித் தொகுதிகள் எவ்வாறு மாற்றுகின்றன என்ற பாடமாக அதை இன்று நாம் படிக்கிறோம்.

விளாதிமிர் வாசிலியேவிச் மார்க்கோவ்னிகாஃப் 1830களின் இறுதியில், ரஷ்யாவின் நிழ்னி நோவ்கோரத் பகுதியில், படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1856இல் கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கசான் என்பது வால்கா ஆற்றங்கரையில், மாஸ்கோவுக்குக் கிழக்கே எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரம். தலைநகரங்களிலிருந்து பார்த்தால் அஃது ஒரு மூலை. ஆயினும் அந்த மூலையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. யூக்ளிடின் வடிவ கணிதத்துக்கு மாற்றாகப் புதிய வடிவ கணிதம் கண்ட லொபாசெவ்ஸ்கி அங்கேதான் பல ஆண்டுகள் துணைவேந்தருக்கு ஒப்பான பதவியில் இருந்தார். டால்ஸ்டாய் அங்கே சில ஆண்டுகள் படித்து, பட்டம் பெறாமலே 1847இல் வெளியேறினார். நைட்ரோ பென்சீனிலிருந்து அனிலீனை 1842இல் செய்து காட்டிய சீனின் அங்குப் பணியாற்றியவர். ருதீனியம் என்னும் தனிமத்தை 1844இல் கிளாஸ் கண்டறிந்ததும் அங்கேதான்.

மார்க்கோவ்னிகாஃப் வேதியியல் படிக்கச் செல்லவில்லை. அரசு அலுவலுக்குப் போக விரும்புவோருக்கென்று சட்டமும் பொருளியலும் கலந்த ஒரு படிப்பு அங்கே இருந்தது, அதில்தான் சேர்ந்தார். அந்தப் படிப்பில் வேதியியலும் ஒரு பாடமாக இருந்தது. அதைக் கற்பித்தவர் அலெக்சாந்தர் புட்லெராவ். நல்லாசிரியர் ஒருவரின் வகுப்பில் தற்செயலாகப் போய் உட்கார்ந்து, வந்த வேலையையே மறந்தவர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் உண்டல்லவா? மார்க்கோவ்னிகாஃப் அப்படி மறந்தவர். 1860இல் பட்டம் பெற்றதும் புட்லெராவின் ஆய்வகத்திலேயே உதவியாளராக அமர்ந்துவிட்டார்.

அப்போது கரிம வேதியியல் ஒரு பெரும் குழப்பத்தில் கிடந்தது. சேர்மம் ஒன்றின் உள்ளே அணுக்கள் எந்த வரிசையில் பிணைந்திருக்கின்றன என்பதை அறியவே முடியாது என்று கருதியவர்கள் பலர். 1861இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் புட்லெராவ், ஒவ்வொரு சேர்மத்துக்கும் உறுதியான ஓர் உள்ளமைப்பு உண்டு, அந்த அமைப்பே அதன் இயல்புகளுக்குக் காரணம், வினைகளைக் கொண்டே அதை அறியலாம் என்று எடுத்துரைத்தார். இக்கொள்கை சரியானால், ஒரே வாய்பாடு, ஆனால் வேறு வேறு அமைப்பு என்று புதிய சேர்மங்கள் இருக்க வேண்டும். ஆசிரியர் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைச் செய்து காட்டினார். மாணவர் ஐசோபியூட்டிரிக் அமிலத்தை எடுத்துக் கொண்டார்.

பியூட்டிரிக் அமிலத்தை நாம் எல்லோரும் மூக்கால் அறிவோம். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் அதனுடையது. நான்கு கார்பன்கள் நேர்கோட்டில் அமைந்தால் அந்த அமிலம். கிளைத்து அமைந்தால் ஐசோபியூட்டிரிக் அமிலம். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே. இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை நிறுவிய மார்க்கோவ்னிகாஃபின் முதுநிலை ஆய்வேடு 1865இல் முடிந்தது. பின் இரண்டாண்டுகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். எர்லன்மையர், பெர்லினில் பேயர், லைப்சிக்கில் கோல்பே ஆகிய பெரியவர்களின் ஆய்வகங்களில் பணிபுரிந்தார். பேயர் என்ற பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

கசானுக்குத் திரும்பிய மார்க்கோவ்னிகாஃப், ஆசிரியரின் கொள்கையில் ஒரு படி மேலே ஏறினார். எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பது தெரிந்தால் மட்டும் போதுமா? ஒரே ஹைட்ரஜன் அணு, ஒரு சேர்மத்தில் எளிதில் கழன்று வருகிறது. மற்றொன்றில் எத்தனை முயன்றாலும் அசைவதில்லை. அதுவும் கார்பனோடுதான் பிணைந்திருக்கிறது, இதுவும் கார்பனோடுதான். ஆகவே நேரடியாகப் பிணையாத அணுக்களும், இடையிலுள்ள அணுக்களின் வழியே ஒன்றை ஒன்று பாதிக்க வேண்டும். சங்கிலியில் தொலைவு கூடக் கூட அந்தச் செல்வாக்குக் குறைய வேண்டும். 1869இல் அவர் அளித்த முனைவர் ஆய்வேட்டின் உயிர் இதுதான்.

அவர் சொன்னதை இன்றைய அளவுகளில் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பியூட்டிரிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு 4.8. அமிலத் தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஒரு குளோரின் அணுவை வைத்தால் அது 2.9 ஆக இறங்குகிறது. ஒரு கார்பன் தள்ளி வைத்தால் 4.1. இன்னொரு கார்பன் தள்ளி, சங்கிலியின் கோடியில் வைத்தால் 4.5. இந்த மதிப்புக் குறைந்தால் அமிலம் வலிமையானது என்று பொருள். காரணம் என்ன? அமிலம் ஹைட்ரஜனை இழந்தால் எதிர் அயனி ஒன்று மிஞ்சுகிறது. குளோரின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் அணு. அயனியின் மீதுள்ள எதிர் மின்சுமையில் ஒரு பங்கை அது தாங்கிக் கொள்கிறது. சுமை பரவினால் அயனி நிலைபெறுகிறது. அயனி நிலையானதாக இருந்தால் அமிலம் ஹைட்ரஜனை எளிதில் விட்டுக் கொடுக்கிறது. பாரம் சுமப்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் ஒரு கை கொடுத்தால் தெரிகிறது; நாலடி தள்ளி நிற்பவன் கை நீட்டி என்ன பயன்? அசெட்டிக் அமிலத்தைவிடக் குளோரோ அசெட்டிக் அமிலம் ஏறக்குறைய 80 மடங்கு வலிமையுடையது என்பதும் இதே கணக்கு.

ஆனால் இந்த விளக்கத்தின் ஒரு சொல்லைக்கூட மார்க்கோவ்னிகாஃப் அறிந்திருக்க முடியாது. எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897இல். கரைசலில் அயனிகள் தாமாகவே பிரிந்து உலவுகின்றன என்று அர்ரீனியஸ் சொன்னது 1880களில். கரிம அமிலங்களின் வலிமையை ஆஸ்ட்வால்டு வரிசையாக அளந்தது 1889இல். இவை எவையும் இல்லாத காலத்தில், குடுவையில் எது உண்டாயிற்று, எது உண்டாகவில்லை என்பதை மட்டும் கொண்டு, அணுக்கள் அண்டை அயலாரைப் பாதிக்கின்றன என்று அவர் கண்டார். இருட்டறையில் தடவிப் பார்த்தே வீட்டின் வரைபடத்தைப் போட்டது போல என்று சொல்லலாம்.

இப்போது விதிக்கு வருவோம். புரோப்பிலீனுடன் ஹைட்ரஜன் அயோடைடு சேர்ந்தால் அயோடின் நடுக் கார்பனில் அமர்கிறது. ஐசோபியூட்டிலீனுடன் சேர்ந்தால், மூன்று கார்பன்கள் சூழ்ந்த கார்பனைத் தேடிப் போய் அமர்கிறது. ஓரத்துக் கார்பன் கைக்கெட்டிய தொலைவில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நெரிசல் மிகுந்த இடத்துக்கே போகிறது. இவற்றையெல்லாம் தொகுத்துத்தான் அவர் விதி எழுதினார். 1870இல் ஜெர்மானிய ஆய்விதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, உண்மையில் பியூட்டிரிக் அமிலங்களைப் பற்றியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் உலகம் முழுவதும் ஒப்பித்து வரும் விதி, அந்த நீண்ட கட்டுரையின் கடைசிப் பக்கங்களில், விருந்தின் முடிவில் வைக்கும் வெற்றிலை பாக்கைப் போல இணைக்கப்பட்டிருந்தது. ஆய்வேடோ ரஷ்ய மொழியில் இருந்தது. மேலை ஐரோப்பாவில் அதைப் படித்தவர் மிகச் சிலர். 1875இல் பிரெஞ்சு இதழில் அவர் தனியாக எழுதிய பின்னரே விதி ஓரளவு வெளியே தெரிந்தது. தாய்மொழியில் அறிவியல் எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் இப்படி ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. நமது பாடநூலில் மார்க்கோவ்னிகாஃப் விதிக்குச் சில பக்கங்கள் தள்ளி சயிட்செஃப் விதி வருகிறது. ஹைட்ரஜன் ஹாலைடை நீக்கி ஆல்கீன் செய்யும்போது, ஹைட்ரஜன் குறைவாக உள்ள கார்பனிலிருந்தே ஹைட்ரஜன் நீங்கும் என்பது அது. 1875இல் வெளிவந்தது. ஒன்று சேர்க்கை, மற்றொன்று நீக்கம். ஒன்றுக்கு மற்றொன்று மறுபக்கம் போலத் தோன்றும். சயிட்செஃபும் கசான்காரர், புட்லெராவின் மாணவர், மார்க்கோவ்னிகாஃபைப் போலவே சட்டமும் பொருளியலும் படிக்கப் போய் வேதியியலுக்கு மாறியவர். ஆனால் இருவருக்கும் ஆகவே ஆகாது. ஆசிரியர் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு மாறிச் சென்ற காலத்தில் கசானில் யார் மேலே இருப்பது என்பதில் வளர்ந்த பகை அது. ஒரே பாடநூலில் அடுத்தடுத்து வாழ்கிறவர்கள், ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்து வாழ இயலவில்லை.

1871இல் நடந்தது, அவர் எத்தகைய மனிதர் என்பதைக் காட்டும். லெஸ்காஃப்ட் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர், கசான் பல்கலைக்கழக நிருவாகத்தின் போக்கைக் கண்டித்துத் தலைநகரச் செய்தித்தாளில் எழுதினார். உடனே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மார்க்கோவ்னிகாஃப் வேதியியலார், உடற்கூற்றியலாருக்கு நேர்ந்ததில் அவருக்குச் சொந்த இழப்பு ஏதும் இல்லை. பேராசிரியர் பதவி கைக்கு வந்து அதிக காலமும் ஆகவில்லை. இருந்தும், வேறு சில பேராசிரியர்களோடு சேர்ந்து அவரும் பதவியைத் துறந்தார். புட்லெராவின் ஆய்வகம், தாம் வளர்ந்த இடம், பாதியில் நின்ற ஆராய்ச்சிகள் அத்தனையும் கசானிலேயே நின்றுவிட்டன. கருங்கடல் ஓரத்து ஒதெசா நகரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக் கொண்டது. 1873இல் மாஸ்கோவுக்குச் சென்றார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கேதான்.

மாஸ்கோவில் அவர் ஏற்றுக் கொண்ட ஆய்வகம் மோசமான நிலையில் இருந்தது. அதைத் திருத்தி அமைக்கப் பல ஆண்டுகள் போராடினார். ஆராய்ச்சியும் திசை மாறியது. காக்கேசியப் பகுதியில், பாக்கு நகரைச் சுற்றி எண்ணெய்க் கிணறுகள் பெருகி வந்த காலம் அது. அந்த எண்ணெய் அமெரிக்க எண்ணெயைப் போல் இல்லை. வேறு விதமாக இருந்தது. ஓக்ளோப்லினோடு சேர்ந்து அதை ஆராய்ந்த மார்க்கோவ்னிகாஃப், வளைய அமைப்புடைய நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் அதில் மிகுதி என்று காட்டி, நாஃப்தீன்கள் என்று 1883இல் அவற்றுக்குப் பெயரிட்டார். கொள்கை வேதியியலில் சிறந்தவர் எண்ணெய் வியாபாரிகளின் சரக்கில் கை வைக்கலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். தம் நாட்டு மண்ணில் கிடைக்கும் பொருளைத் தம் நாட்டு வேதியியலார் ஆராயாமல் வேறு யார் ஆராய்வது என்பது அவர் எண்ணம். மாணவர்களைத் தாமே முயன்று பார்க்க விட்டுவிடும் ஆசிரியர் அவர். நாம் படிக்கும் உல்ஃப்-கிஷ்னர் ஒடுக்க வினையின் கிஷ்னர் அவர் ஆய்வகத்தில் வளர்ந்தவரே.

மேலிடத்துக்கு அவர் ஒருநாளும் இனியவராக இருந்ததில்லை. நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லும் சுபாவம். 1893இல் பணிக்காலம் நிறைவடைந்தது என்று காரணம் காட்டி, வேதியியல் துறைத் தலைமையிலிருந்து அவரை விலக்கினார்கள். ஆய்வகம் செலின்ஸ்கி என்ற இளைஞரின் பொறுப்புக்குப் போயிற்று. செலின்ஸ்கியும் பின்னாளில் பெரும் புகழ் பெற்றவரே. அவரைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் ஒவ்வொரு மேசையாகத் தாம் உருவாக்கிய இடத்தில், ஒரு பகுதியை மட்டும் கேட்டுப் பெற்று வேலை செய்வது முதியவர் ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் வேலையை நிறுத்தவில்லை. வளையச் சேர்மங்களைப் பற்றிக் கடைசிவரை எழுதிக் கொண்டிருந்தார். 1904 பிப்ரவரியில் காலமானார்.

அவர் மறைவதற்கு இரண்டாண்டு முன்னதாக, அவருடைய பழைய கேள்விக்குரிய விடையின் முதல் கீற்று வெளிப்பட்டது. அதை எடுத்துச் சொன்னவர், அவர் இளமையில் யாருடைய ஆய்வகத்தில் இருந்தாரோ அதே பேயர். டிரைஃபீனைல் கார்பினால் என்ற நிறமற்ற சேர்மத்தை அடர் கந்தக அமிலத்தில் இட்டால் கரைசல் பளிச்சென்று மஞ்சளாகிறது. 1901இல் இதைக் கண்டார்கள். இது உப்பைப் போன்றது என்று 1902இல் பேயர் கூறினார். உப்பு என்றால் நேர் அயனி வேண்டும். சோடியமும் கால்சியமும் அங்கே இல்லை. கார்பனே நேர் அயனியாகி நிற்கிறது! அதைத் தாங்கி நிற்பவை, அதைச் சூழ்ந்துள்ள மூன்று பென்சீன் வளையங்கள். கார்பனின் மேலுள்ள நேர் மின்சுமை வளையங்களுக்குள் பரவி விடுகிறது. மாஸ்கோவில் இருந்த முதியவர் இதைத் தம் விதியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வழியில்லை. அந்தத் தொடர்பு அப்போது எவருக்குமே புலப்படவில்லை.

அந்த மூன்று வளையங்களின் கோடியிலும் டைமீத்தைல் அமினோ தொகுதியைச் சேர்த்தால் என்ன ஆகும்? நைட்ரஜன் தன்னிடமுள்ள எலக்ட்ரான் இணையைக் கொடுத்து உதவுகிறது. அயனி இன்னும் உறுதி பெறுகிறது. அப்படிப்பட்ட அயனியை நம் கல்லூரியில் வேதியியல் பக்கமே வராத மாணவர்களும் அறிவார்கள். கிராம் முறையில் நுண்ணுயிர்களுக்குச் சாயம் ஏற்றும் கிரிஸ்டல் வயலட் அதுதான். மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் புண்களுக்குத் தடவிய ஊதா மருந்தும் அதுதான். டிரைஃபீனைல் அயனி அடர் அமிலத்தில்தான் உயிர் வாழும். நீர் ஊற்றினால் நிறம் போய்விடும். கிரிஸ்டல் வயலட்டோ சாதாரண நீரிலேயே ஊதாவாக நிற்கிறது. இரண்டின் நிலைப்புத் தன்மைக்கும் உள்ள வேறுபாட்டைச் சமநிலை எண்களால் அளந்தால், ஒன்றுக்குப் பின்னால் 16 சுழிகள் இடவேண்டும். வளையங்களின் கோடியில் மூன்று தொகுதிகள் மாறியதால் வந்த வேறுபாடு அது.

சாதாரண ஆல்கீன்களிலும் இத்தகைய அயனி ஒன்று இடையில் தோன்றி மறைகிறது என்று நம்பப் பலர் தயங்கினார்கள். 1922இல் ஜெர்மனியின் மீர்வைன், கற்பூர வகைச் சேர்மங்களின் அமைப்பு மாற்றத்தை ஆராய்ந்து, அதை விளக்கக் கார்பன் நேர் அயனி வேண்டும் என்றார். 1932இல் அமெரிக்காவின் விட்மோர் அதைப் பொதுக் கொள்கையாக விரித்தார். அதன் பிறகு 1869இன் விதி தானே அவிழ்ந்தது. புரோப்பிலீனில் முதலில் வந்து ஒட்டுவது ஹைட்ரஜன் அயனி. அது ஓரத்தில் ஒட்டினால் நேர் மின்சுமை நடுக் கார்பனில் விழுகிறது. அதற்கு இருபுறமும் மீத்தைல் தொகுதிகள். நடுவில் ஒட்டினால் சுமை ஓரத்தில் விழுகிறது, தாங்க ஒருவர்தான். மீத்தைல் தொகுதி எலக்ட்ரான்களைச் சற்றே தள்ளிக் கொடுக்கும். அதன் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு எலக்ட்ரான்களும் பக்கத்துக் காலியிடத்தை நோக்கிச் சாய்கின்றன. இதனைத்தான் ஹைபர் கான்ஜுகேஷன் என்ற நீண்ட பெயரால் வகுப்பில் கேட்கிறோம். ஆகவே இரு மீத்தைல்கள் தாங்கும் அயனியே வழியாகிறது. பின்னர் வரும் ஹாலஜன் அங்கே அமர்கிறது.

இந்தத் தாங்குதல் எத்தனை பெரிது? வளிம நிலையில் மீத்தேனிலிருந்து எலக்ட்ரான் இணையோடு கூடிய ஹைட்ரஜனைப் பிரித்து, மீத்தைல் நேர் அயனியை உண்டாக்க மோலுக்கு 310 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஐசோபியூட்டேனின் நடுக் கார்பனிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 230 போதும். மூன்று மீத்தைல்கள் சேர்ந்து 80 கிலோகலோரி அளவுக்குப் பாரத்தைக் குறைக்கின்றன. முதல் மீத்தைல் தருவதே பெரும் பங்கு; அடுத்தடுத்து வருபவை தருவது குறைந்து கொண்டே போகிறது.

பணம் பணத்தோடு சேரும் என்ற நமது சூத்திரம் எங்கே கவிழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புரோப்பிலீனின் மீத்தைல் தொகுதியில் உள்ள மூன்று ஹைட்ரஜன்களையும் எடுத்துவிட்டு மூன்று ஃபுளூரின்களை வையுங்கள். ஃபுளூரின்கள் எலக்ட்ரான்களை உறிஞ்சுகின்றன. அவற்றுக்கு அடுத்த கார்பனில் நேர் மின்சுமையை வைப்பது, பசித்தவனிடம் சோற்றைக் காவல் வைப்பது போன்றது. எனவே சுமை ஓரத்துக் கார்பனுக்கு ஒதுங்குகிறது. ஹைட்ரஜன் குறைவாக உள்ள நடுக் கார்பனில் புது ஹைட்ரஜன் சேர்கிறது. சூத்திரத்தின்படி இது விதிமீறல். நிலையான அயனியின் வழியே வினை நடக்கும் என்ற காரணத்தின்படி இதுவே விதி. சேர்க்கைக்கு உட்படும் வேகமும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

வினைல் குளோரைடு இதைவிட நுட்பமானது. என்னைப் பல நாள் குழப்பியது. குளோரின் எலக்ட்ரானை இழுக்கும் என்று அமிலங்களில் பார்த்தோம். அப்படியானால் நேர் மின்சுமை அதைவிட்டு ஓட வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் குளோரைடு சேரும்போது, இரண்டாவது குளோரினும் முதல் குளோரின் இருக்கும் கார்பனுக்கே வருகிறது. இழுப்பது உண்மைதான், அதனால் வினை மெதுவாகிறது. ஆனால் பக்கத்திலேயே நேர் மின்சுமை வந்து நின்றால், தன்னிடம் பயன்படாமல் கிடக்கும் எலக்ட்ரான் இணையைக் குளோரின் அதற்குக் கடன் கொடுக்கிறது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிறது. வேகத்தை வாங்கும் கை முடிவு செய்கிறது. திசையைக் கொடுக்கும் கை முடிவு செய்கிறது. வேறொரு விதிவிலக்கை 1933இல் சிகாகோவில் காரஷும் மேயோவும் அவிழ்த்தார்கள். ஹைட்ரஜன் புரோமைடு சேர்க்கை சில சமயம் நேர்மாறாகப் போவதற்குப் பெராக்சைடுகளே காரணம் என்று காட்டினார்கள். அங்கே வழி அயனி வழியன்று, தனி உறுப்பு வழி. ஆகவே அதில் மார்க்கோவ்னிகாஃபின் தவறு ஒன்றுமில்லை.

இத்தனைக்குப் பிறகும் மூவிணைய பியூட்டைல் அயனியை எவரும் நேரில் கண்டதில்லை. சாதாரணக் கரைசலில் தோன்றிய கணமே எதையாவது பற்றிக் கொண்டு மறைந்துவிடும். ஹங்கேரியிலிருந்து வெளியேறிக் கனடாவில் சார்னியா நகரத்துத் தொழில் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஓலா, அதற்குப் பற்றிக் கொள்ள எதுவும் கிடைக்காத ஓர் இடத்தைத் தேடினார். மூவிணைய பியூட்டைல் ஃபுளூரைடை ஆண்டிமனி பென்டாஃபுளூரைடில் கரைத்தார். ஃபுளூரைடு அயனியை ஆண்டிமனி இறுகப் பற்றிக் கொண்டது. கார்பன் அயனி தனியே நின்றது. 1962இல் அவர் அதை அறிவித்தார்; 1994இல் நோபல் பரிசு பெற்றார். காந்தக் கருவியில் அந்தக் கரைசலைப் பார்த்தபோது, மூன்று மீத்தைல்களின் ஒன்பது ஹைட்ரஜன்களும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தன. ஐசோபியூட்டிலீனில் அயோடின் ஏன் நெரிசலான கார்பனைத் தேடிப் போகிறது என்று கசானில் ஒருவர் கேட்டு அப்போது 93 ஆண்டுகள் ஆகியிருந்தன.